அப்பா வழி

ஜூன் 11, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் ரீகன் வீட்டார் வந்தார்கள். செப்டம்பர் பதினான்கில் இளையவள் ஹெலனுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு முதல் ஓலை வாசிப்பு. இருவரும் சேரத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஐயர் சபையில் மூன்று வாரம் வாசித்த பிறகுதான் தாலி. பையன் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சியில் இருக்கிறான். அதிகம் பேசவில்லை. அது எனக்குப் பிடித்தது.

மூத்தவள் பியூலா தலையில் துணி கட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். ரீகனின் அம்மா அவள் கையைப் பிடித்து, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார்கள். "நல்லாருக்கேன் அத்தை" என்றாள். போன வருடம் கட்டி வந்து ஒரு மார்பை எடுத்தது அவர்களுக்குத் தெரியும். அது ஈரலுக்குப் போய்விட்டது தெரியாது. கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மட்டன் போதவில்லை. என் வீட்டுக்காரி எப்சிபா எனக்குக் குழம்பு மட்டும் ஊற்றினாள்.

ஜூன் 14, புதன்

பியூலாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறார், டிசம்பரில்தான் இறங்குவார். நான்கு வயதுப் பிள்ளை பிரிஸ்காவை எப்சிபா பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். முப்பத்திரண்டு வயதில் வந்திருப்பதால் குடும்ப ஜீனில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தால் அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறதாம். கோளாறு இருக்க வேண்டும் என்று ஜெபிப்பதா, இருக்கக்கூடாது என்று ஜெபிப்பதா என்று வரும் வழியில் பியூலா கேட்டாள். கயத்தாற்றில் வண்டியை நிறுத்தி அவளுக்கு இளநீர் வாங்கிக்கொடுத்தேன்.

ஜூன் 22, வியாழன்

மரபணு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண், பெயர் நிவேதிதா. காகிதத்தில் வட்டமும் சதுரமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தாள். ஆம்பிளைக்குச் சதுரம், பொம்பிளைக்கு வட்டம். புற்றுநோய் வந்தவர்களைக் கறுப்பாக்கினாள்.

எப்சிபாவின் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் வந்ததை நானே முதலில் சொன்னேன். அவர்கள் பக்கத்தில் அது உண்டு.

"உங்க பக்கம் யாருக்காவது இருந்துதா சார்?"

"எங்க பக்கம் அப்படி ஒண்ணும் கெடையாதும்மா."

பியூலா, "எப்பா, ரோசலின் அத்தை?" என்றாள்.

ரோசலின் என் அக்கா. அம்மிக் குழவி மார்பில் இடித்து, அது உள்ளே பழுத்து, முப்பத்தாறு வயதில் இறந்தாள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு அக்காவின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். எங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டாள். மூத்திரம் அடைத்து, முதுகெலும்பு வலியில் என்றேன். அப்பாவின் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பிறகு விளக்கினாள். "ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு பிரதி இருக்கும். அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. உடம்புல செல்லுக்குள்ள தினமும் ஏதாவது பழுதாகும், அதச் சரிபண்றதுக்குன்னே சில ஜீன் இருக்கு. அதுல ஒரு பிரதி பிறக்கும்போதே தப்பா இருந்தா, பழுது சேர்ந்துக்கிட்டே போகும். எல்லாருக்கும் நோய் வரும்னு இல்ல. மத்தவங்களவிட வாய்ப்பு ரொம்ப அதிகம்."

ரிப்பேர் ஆளே ரிப்பேர் என்றேன். பியூலா சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

ஜூலை 3, திங்கள்

காலையில் டிரைவிங் ஸ்கூலில் மூன்று பேருக்கு வகுப்பு. தபால் ஆபீஸ் மேடம் இன்னும் கிளட்சை ஒரேயடியாக விடுகிறார்கள். வண்டி குலுங்கி நின்றது. இடது சீட் பெல்ட் உரசுகிறது. பட்டைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

பனியனை நானே துவைத்துப் போட்டேன். எப்சிபாவுக்கு முழங்கை வலி.

ஜூலை 19, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது. இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. டூ என்று பெயர். பிறக்கும்போதே இருந்தது, அதாவது எங்கள் இருவரில் ஒருவர் கொடுத்தது. யார் என்று தெரிந்தால் அந்த வழியில் உள்ள மற்றவர்களையும் எச்சரிக்கலாம் என்றாள் நிவேதிதா. இருவரும் ரத்தம் கொடுங்கள் என்றாள்.

எப்சிபா கையை நீட்டினாள். எனக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் வேலை இருந்ததால் உடனே கிளம்ப வேண்டியதாயிற்று. எப்படியும் அவள் ஒருத்தியின் ரிசல்ட்டிலேயே தெரிந்துவிடும்.

மாத்திரை நாளையிலிருந்து.

ஜூலை 30, ஞாயிறு

பியூலா இரண்டு இடியாப்பம் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. மாத்திரை கேட்கிறது என்று நினைக்கிறேன். பிரிஸ்காவை மடியில் வைத்து 'அ' எழுதப் பழக்கினாள்.

ஆகஸ்ட் 2, புதன்

எப்சிபாவுக்கு இல்லை.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "அப்ப எங்க அக்காவ இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டியள்லா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூலிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசினேன்.

நானும் ஹெலனும் ரத்தம் கொடுத்தோம். என்னுடையது சும்மா உறுதிப்படுத்தத்தான். ஹெலனுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். ஊசி குத்தும்போது அவள் என் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னப் பிள்ளையிலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்த்தோம். பொன் எழுத்து வேண்டாம் என்றாள் ஹெலன். தபால் ஆபீஸ் மேடம் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். இனிப்பு கொடுத்தார்கள்.

பனியனில் கறை. கிரீஸாக இருக்கும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எனக்கு இருக்கிறது. ஹெலனுக்கும் இருக்கிறது.

நிவேதிதா அவளிடம்தான் அதிக நேரம் பேசினாள். "ஹெலன், இது நோய் இல்ல. உங்களுக்கு இப்ப ஒண்ணுமே இல்ல. அக்காவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கணும்னு இல்ல. வருசா வருசம் ஸ்கேன் எடுத்தா, வந்தாலும் தொடக்கத்துலயே பிடிச்சிரலாம். குழந்தைங்க பிறந்த பிறகு சினைப்பைய எடுத்துடறதப் பத்தி யோசிக்கலாம். மார்பையும் முன்கூட்டியே எடுத்துக்கிடுறவங்க இருக்காங்க. எதையும் இன்னைக்கே முடிவு பண்ண வேண்டாம்."

"எனக்குப் பிள்ள பொறந்தா அதுக்கும் வருமா?" என்றாள் ஹெலன்.

"பாதிக்குப் பாதி."

ஹெலன் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

என் பக்கம் திரும்பினாள் அந்தப் பெண். "சார், ஆம்பளைங்களுக்கும் மார்புல வரும். குறைவுதான், நூத்துக்கு ஆறேழு பேர். உங்க அப்பாவுக்கு இருந்திருக்கக்கூடிய பிராஸ்டேட் கேன்சரும் வரலாம். மார்புல கட்டி, வலி, கசிவு, ஏதாவது இருக்கா?"

ஒன்றுமில்லை என்றேன். வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாசரேத்தில் இருக்கும் அண்ணன் செல்வநாயகத்துக்கும் சொல்ல வேண்டும் என்றாள். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

ஹெலனிடம் பேசினேன். ஓலை வாசித்து, கல்யாணம் முடிந்து, சாவகாசமாக ரீகனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். நோய் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லும்போது எதற்கு அவசரம்?

"நேத்தே சொல்லிட்டேன்பா" என்றாள்.

ஆகஸ்ட் 23, புதன்

ரீகன் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தான், தனியாக. ஷட்டருக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஆபீஸுக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

டீ சொன்னேன். குடிக்கவில்லை.

"மாமா, ஹெலன் எங்கிட்ட ஒண்ணும் மறைக்கல. எங்க அம்மாட்ட நான் இன்னும் சொல்லல. சொல்லாமலே இருக்கவும் என்னால முடியும்."

"அப்புறம் என்ன தம்பி?"

"எங்க அப்பா குடல்ல புத்து வந்து நாலு வருசம் கெடந்தாவ. நான் பன்னெண்டாவது படிக்கேன். அவியளக் குளிப்பாட்டி, துணி மாத்தி, எல்லாம் நான்தான். அம்மா கிட்ட போமாட்டாவ, பயம். நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி ஒருதரம் இத என் கண்ணால பாக்க மாட்டேன்னு. ஹெலனப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஓடும். ஒரு தலைவலின்னு சொன்னாக்கூட எனக்கு அதுதான் ஓடும். அவளுக்கு நான் அதச் செய்யக்கூடாது."

அவளுக்கு வராமலும் போகலாம் என்றேன். தெரியும் என்றான். வரும்முன் கண்டுபிடித்துவிடலாம் என்றேன். அதுவும் தெரியும் என்றான். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

கிளம்பும்போது கேட்டான். "ஒண்ணு கேக்கலாமா மாமா? முதல்லயே தெரிஞ்சிருந்தா நீங்க பிள்ளைகளப் பெத்திருப்பியளா?"

வாசலில் ஒரு பெண் வகுப்புக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவனைத் திட்ட வேண்டும் என்று எப்சிபா நாள் முழுக்கக் காத்திருந்தாள். எனக்குத் திட்ட வரவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோயிலில் ஐயர் ஓலை வாசித்தார். வேறொரு ஜோடி. ஹெலன் வரமாட்டாள் என்று நினைத்தோம். முதல் ஆளாகக் குளித்து வந்து பாட்டுக்குழுவில் நின்று பாடினாள்.

அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. போனில் சொல்லும் விஷயமில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

பியூலாவுக்கு மறுபடி வயிறு உப்பியிருக்கிறது. கண் மஞ்சளாகத் தெரிகிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மாதம் நன்றாகத்தான் இருந்தாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும்.

பியூலாவுக்கு வயிற்றில் நீர் எடுத்துவிட்டு மதுரையிலிருந்து திரும்பினோம். வீட்டு வாசலில் அவளால் இறங்க முடியவில்லை. குனிந்து அவளைத் தூக்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை என் இடது மார்பில் பட்டது. வலியில் சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கீழே விடச் சொன்னாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என் சட்டைக்கு மேலேயே கையை வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, நேராக அந்த இடத்துக்குப் போயிற்று கை.

"எப்பா. இது எத்தன நாளா இருக்கு?"

கொஞ்ச நாள்தான் என்றேன்.

"சட்டையக் கழத்துங்க."

"தெருவுலயாட்டி?"

"கழத்துங்க!"

கழற்றினேன். பனியனில் கறை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரல் எழும்பவில்லை, அவ்வளவு பலம் அவளிடம் இல்லை.

"நானும் கட்டியத் தடவிப் பாத்துட்டு ரெண்டு மாசம் சும்மா இருந்தேன். மாசாமாசம் வார வீக்கம்னு நெனச்சேன், எனக்கு வெவரம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே எப்பா. என்னையக் கூட்டிட்டு மாசத்துக்கு மூணு தரம் அந்த ஆஸ்பத்திரிக்கு வாரியளே. அந்த பெஞ்சுலதான உக்காந்திருக்கிய?"

எப்சிபா வாசலுக்கு வந்துவிட்டாள். என் பனியனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். துவைக்கும் கல்லில் இத்தனை நாள் நான் ஏன் நின்றேன் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும். பியூலாவை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

மார்பக சிகிச்சைப் பிரிவில் ஆம்பிளை நான் ஒருவன்தான். நர்ஸ் வெளியே வந்து, "அருமைநாயகம் கூட வந்தவங்க யாரு? பேஷண்ட்டக் கூப்பிடுங்க" என்றாள். நான்தான் என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் நகர்ந்து இடம்விட்டு, "இங்க உக்காருங்கண்ணே, ஃபேன் காத்து வரும்" என்றார்கள்.

ஊசியில் உறிஞ்சி எடுத்து, சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டார்கள். அதுதான் என்று உறுதியாயிற்று. அக்குளிலும் இருக்கிறது. இன்னும் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். வேலை என்றேன்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று ஹெலனின் கல்யாண நாளாக இருந்திருக்க வேண்டியது. ஹெலன் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கை தூக்க முடியவில்லை. வேறு ஒரு மாஸ்டரை வகுப்புக்கு வைத்திருக்கிறேன். அவர் பெண்களிடம் சத்தம் போடுகிறாராம்.

கண்ணாடி முன் பனியனில்லாமல் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் சமமாகத் தைத்துவிட்டார்கள். சட்டை போட்டால் ஒன்றும் தெரியாது. பியூலா துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனாளே, அது இன்றுதான் எனக்கு உறைத்தது.

அவளும் நானும் வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறோம். பிரிஸ்கா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து படம் வரைகிறாள். அவளுக்கும் பார்க்க வேண்டுமா என்று நிவேதிதாவிடம் கேட்டேன். "இப்ப வேண்டாம் சார். பெரியவளானதும் அவளே முடிவு பண்ணட்டும்" என்றாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

அண்ணன் வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். என்னைப் பார்த்து அழுதான். பியூலாவின் கட்டிலருகே போய் ஜெபம் செய்தான். பிறகு வெளியில் வேப்பமரத்தடிக்கு வந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு வந்தது அம்மியால் அல்ல என்றும் சொன்னேன்.

"ஏல, நீ படிச்சவன். அம்மில இடிச்சத நான் கண்ணால கண்டேன்."

"இடிச்சிருக்கும்ணே. கட்டி அதுக்கு முன்னாலயே இருந்திருக்கும்."

வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்தான். "என்னைய என்ன செய்யச் சொல்லுத?"

"ஒரு தரம் ரத்தம் குடு. உனக்கு இல்லன்னா பிள்ளையளுக்கு இல்ல, அதோட முடிஞ்சிது. இருந்தா அவளுவ ஜாக்கிரதையா இருக்கலாம்."

"இருந்தா அவளுவளுக்குக் கல்யாணம் இருக்காது" என்றான். "ஜாஸ்மினுக்கு நாலு எடத்துல பாத்து, இப்பத்தான் ஒண்ணு தெகஞ்சு வருது. ஹெலனுக்கு என்ன ஆச்சு? நீ சொல்லு. ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. என் வீட்டு வாசல்லயும் அதக் கொண்டாந்து வைக்கப் பாக்க. என் பிள்ளையட்ட ஒரு வார்த்த சொன்னன்னா, நீ எனக்குத் தம்பி கெடையாது."

ஆப்பிளை எப்சிபாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனான். அவன் முதுகு அப்படியே அப்பாவின் முதுகு.

அக்டோபர் 25, புதன்

கீமோ. வாயெல்லாம் புண். மோர் மட்டும்.

பியூலா, "எப்படி இருக்கு பார்த்தியளா?" என்றாள். அவள் ஓயாமல் குடித்துவந்த இளநீர்த் தண்ணியை எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 2, வியாழன்

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு மருந்து தந்திருக்கிறார்கள். கப்பல் கம்பெனி மருமகனை அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கி வருகிறார்.

பியூலா என்னைக் கூப்பிட்டாள். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. ஹெலன் பக்கத்தில் இருந்தாள்.

"பெரியப்பாட்ட சொல்லிட்டியளா?"

"சொன்னேன். கேக்க மாட்டேங்காவ."

"நான் பெரியப்பாவக் கேக்கல. ஜாஸ்மின்ட்ட சொல்லிட்டியளா?"

இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன்.

"அவளுக்கு என் வயசு ஆகல" என்றாள்.

நவம்பர் 7, செவ்வாய்

விடியும்போது பியூலா போய்விட்டாள். புருஷன் முந்தின நாள் மதியமே வந்துவிட்டார். அவர் மடியில்தான் தலை இருந்தது.

நவம்பர் 8, புதன்

அடக்கம். மழை. அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். குழிமேட்டில் ஜாஸ்மின் ஹெலனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனான்.

நவம்பர் 19, ஞாயிறு

ஹெலன் வண்டி ஓட்ட, நாசரேத்துக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவில்லை.

அண்ணனே கதவைத் திறந்தான். துக்க வீட்டுக்காரர்களை வாசலில் நிறுத்த முடியாது, உட்காரச் சொன்னான். மதினி காப்பி போடப் போனாள். ஜாஸ்மினும் தங்கச்சி லீனாவும் வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். ஜாஸ்மினின் நெற்றி ரோசலின் அக்காவின் நெற்றி. இத்தனை வருடம் எனக்கு அது கண்ணில் படவில்லை.

"ஜாஸ்மின், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"தம்பி, எந்திரி" என்றான் அண்ணன்.

"சொல்லிட்டு எந்திரிக்கேன்."

"ஏல, என் வீட்ல வச்சு..." கையை ஓங்கிவிட்டான். ஆபரேஷன் செய்த பக்கம்தான் அவனைப் பார்த்து இருந்தது. ஹெலன் எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"பெரியப்பா, அடிக்கணும்னா என்னைய அடிங்க. எனக்கும் அது இருக்கு. கல்யாணம் நின்னுபோச்சு, நான் சாகலையே. எனக்குத் தெரியும்கிறதுனால நான் வருசா வருசம் பாத்துக்கிடுவேன். எங்க அக்காவுக்கு ஒருத்தரும் சொல்லல. யாருக்கும் தெரியாது, அதனால சொல்லல. உங்களுக்குத் தெரியும்."

அண்ணன் கை இறங்கிவிட்டது. சேரில் உட்கார்ந்தான்.

நான் பிள்ளைகளிடம் சொன்னேன். நிவேதிதா சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. எனக்கு வந்தபடி சொன்னேன். உங்கள் தாத்தாவுக்கு இருந்திருக்கிறது, அத்தைக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. அப்பாவுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் பார்த்து, இல்லை என்று வந்தால் உங்களுக்கு ஊசியே வேண்டியிருக்காது. அவர் பார்க்காவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

லீனா அழத் தொடங்கினாள். ஜாஸ்மின் அழவில்லை. "எங்க போயி பாக்கணும் சித்தப்பா?" என்றாள். சொன்னேன்.

மதினி காப்பித் தட்டோடு கதவருகிலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். தட்டை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள்: "நாளைக்கு நீங்க போறிய. இல்லன்னா நான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அண்ணன் வாசலுக்கு வரவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

மூன்றாவது கீமோ. எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிவிட்டார்கள். நாங்கள் இந்த வருடம் கட்டவில்லை. பிரிஸ்கா கேட்டாள். அவள் அப்பா அவளைத் தெருமுனைவரை தூக்கிப்போய் மற்ற வீட்டு ஸ்டார்களைக் காட்டி வந்தார்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஹெலனுக்கு முதல் ஸ்கேன். ஒன்றுமில்லை. அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். வெளியில் வந்து ஜிகர்தண்டா வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். என்னால் குடிக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதே போல ஒவ்வொரு வருடமும் அவள் ஒரு நாள் பயந்து, ஒரு நாள் ஜிகர்தண்டா குடிக்க வேண்டும். கூட வர எனக்கு எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியாது.

டிசம்பர் 9, சனி

காலையில் அண்ணன் போன் செய்தான். நாசரேத்திலிருந்து வந்த பிறகு முதல்முறை. மூச்சு வாங்கியது அவனுக்கு.

"ஏல தம்பி, ரிசல்ட் வந்துட்டு. இல்லையாம்ல! எனக்கு அது இல்லையாம். எனக்கு இல்லன்னா பிள்ளையளுக்கு அது வர வழியே கெடையாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டு. உங்க மதினி முழங்கால்ல நின்னுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கா. கர்த்தர் நம்ம குடும்பத்தக் காத்துட்டார்ல!"

அதோடு நின்றுவிட்டான். அவன் வீட்டில் யாரோ சிரிப்பது எனக்குக் கேட்டது.

"தம்பி..." என்றான்.

"சந்தோஷம்ணே" என்றேன். உண்மையிலேயே சந்தோஷம். ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். எனக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. அதற்கு ஒரு காரணமும் கிடையாது என்று நிவேதிதா சொல்லியிருக்கிறாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

ஹெலன் போனை வாங்கினாள். "பெரியப்பா, அக்காட்ட குடுங்க" என்றாள். ஜாஸ்மினிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தானும் வருவேன் என்றாள். பேசி முடித்துப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பியூலாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்தையிலிருந்து எப்சிபா வந்தாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"யாரு போன்ல?"

"அண்ணன்."

"நல்ல சேதியா?"

"நல்ல சேதிதான்."

"யாருக்கு?"

அண்ணன் பிள்ளைகளுக்கு என்றேன். கையிலிருந்த பையை இறக்கிவைத்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முறத்தை இழுத்து, கீரை ஆயத் தொடங்கினாள்.